இரண்டு குசினிக்கு ஒரு வயர்

மூன்று நாளாகக் கரண்ட் போகவில்லை. அதுதான் ஸபீனாவுக்குப் பொறுக்கவில்லை.

போனால், ஏன் போகிறது என்று ஏசுவாள். போகாவிட்டால், ஏன் போகவில்லை என்று யோசிப்பாள். கட்டாரில் வேலை செய்யும் அவளுடைய கணவன் ஃபாஹிம் தொலைபேசியில் அடிக்கடி சொல்வான்: "ஒனக்குச் சொர்க்கத்துல எடம் கெடச்சாலும், கதவு ஏன் இவ்வளவு லேசாத் தொறந்திச்சி எண்டுதான் கேப்பாய்." நல்ல மனுஷன். தூரத்தில் இருப்பதால் தைரியமாகச் சொல்கிறான்.

கற்பிட்டியில், களப்பு நீரைப் பார்த்த அந்த வீட்டை வாப்பா மௌத்தாகும் முன்பே இரண்டு பெண்மக்களுக்கும் சீதனமாகப் பிரித்து எழுதிவிட்டார். முன்பாதி மூத்தவள் ஸபீனாவுக்கு. பின்பாதி இளையவள் சிபானாவுக்கு. போன நோன்புப் பெருநாள் கழிந்து சிபானாவுக்குக் கலியாணம் முடிந்தபோது, பழைய சாமான் அறை அடுப்பு ஏறி இரண்டாவது குசினி ஆயிற்று. நடுவில் சுவர் எழும்பியது. சுவரில் ஒரு கதவு வந்தது.

எல்லாவற்றையும் பிரித்தார்கள். கிணற்றடிக்கு முறை பிரித்தார்கள். முற்றத்து முருங்கையைக் கூட, இந்தக் கிளை உனக்கு, அந்தக் கிளை எனக்கு என்று பிரித்தார்கள். கரண்ட் வயரை மட்டும் யாருக்கும் பிரிக்கத் தோன்றவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் லைட் எரிந்தால் போதும் என்று ஸபீனா அவசரப்படுத்த, கரண்ட் வேலை செய்யும் வின்சன்ட் பாஸ் அவளுடைய குசினி வயரிலேயே ஒரு கிளை எடுத்து, சுவருக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டுப் போனார்.

அதன் பலனை இந்த நோன்பில்தான் கண்டார்கள். தலைப்பிறை பார்த்த மறுநாள் தொடங்கி, தினமும் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு குசினிக் கரண்ட் விழுந்தது. கேக்கை ஓவனில் வைத்தவுடன் விழுந்தாலும் பரவாயில்லை. மா பொங்கி, மணம் வந்து, மேல்பக்கம் சிவக்கத் தொடங்கும் நேரம் பார்த்து 'டக்'. விறாந்தையில் இருக்கும் பெட்டிக்கு ஓடி, குசினிக்குரிய அந்தச் சின்னப் பிரேக்கரைத் தூக்கிவிட்டு வருவதற்குள் கேக் நடுவில் குழி விழுந்து கிடக்கும்.

வீட்டில் கேக் அடித்து விற்கிற பெண்ணுக்கு நோன்பு மாதம் அறுவடைக் காலம். அந்தக் காலத்தில் குழி விழுந்த கேக்கை யார் வாங்குவார்கள்?

போன வெள்ளிக்கிழமை பிரேக்கர் விழுந்து அவள் ஓடியபோது, சிபானா பெட்டியடியில் நின்றிருந்தாள். காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கலாம். ஆனால் ஸபீனா காகத்தைத்தான் பிடித்தாள். "வயித்தெரிச்சல்ல என்ட கரண்ட அமத்துறாய் என்ன?" என்று கேட்டுவிட்டாள். ஏழு மாத வயிற்றோடு நின்ற தங்கை திரும்பித் தன் பக்கம் போய்விட்டாள். அன்று நோன்பு திறக்கும் மஃரிபுக்கு முன்பே நடுக்கதவில் கொண்டி விழுந்தது. எந்தப் பக்கத்துக் கொண்டி என்று கேட்டால், இரண்டு பக்கமும்தான்.

அதற்கு அடுத்த நாளிலிருந்துதான் கரண்ட் போகவில்லை.

"பாத்தியா? பிடிபட்டதும் கைய எடுத்துட்டா" என்று ஸபீனா தனக்குள்ளேயே தீர்ப்பும் எழுதி முடித்துவிட்டாள்.

*

இன்று மின்ஹாஜ் ஹாஜியார் வீட்டில் மருமகன் வீட்டாருக்கு நோன்பு திறப்பு. புதுச் சம்பந்தம். ஹாஜியாரின் மனைவி நேரில் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள்: "ஸபீனா, கொழும்பால வாற ஆக்கள். எங்கட மானம் ஒங்கட ஓவனுக்குள்ளதான் இரிக்கி."

அந்த மானத்தை மூன்று தட்டில் ஊற்றி, அஸர் தொழுத கையோடு ஓவனுக்குள் வைத்தாள் ஸபீனா. ஃபாஹிம் போன விடுமுறைக்குக் கொண்டுவந்த பெரிய ஓவன் அது. கதவைத் திறந்தால் ஒரு ஆட்டுக்குட்டி படுக்கலாம்.

சுவருக்கு அந்தப் பக்கமும் சத்தம் கேட்டது. சிபானாவின் கரண்ட் அடுப்பு 'உர்ர்' என்றது. கஞ்சி வைக்கிறாள் போலும். பிறகு இன்னொரு சத்தம், காற்று ஊதுகிற மாதிரி. அது கலியாணத்துக்கு வந்த எயார் ஃபிரையர். சமோசா. ஸபீனா காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றாள். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில், அடுத்த குசினியின் சத்தம்தான் செய்தி.

கேக் பொங்கியது. மணம் வந்தது. அவள் வழக்கம்போல் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த 'டக்'குக்காகக் காத்திருந்தாள். வரவில்லை.

அதற்குப் பதிலாக வேறொரு மணம் வந்தது.

நோன்பாளியின் மூக்கு பொல்லாதது. நாலு வீடு தள்ளி வெங்காயம் வதக்கினாலும் கண்டுபிடித்துவிடும். இது வெங்காயம் இல்லை, வனிலாவும் இல்லை. பொலித்தீன் பையை நெருப்பில் காட்டிய மாதிரி. முதலில் வெளியே யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று ஜன்னலைச் சாத்தினாள். மணம் கூடியது. அப்படியென்றால் அது உள்ளேதான் இருந்தது.

ஓவனை முகர்ந்தாள், இல்லை. பிளக்கை முகர்ந்தாள். லேசாகச் சுட்டது, ஆனால் மணம் அங்கேயும் இல்லை. தலையை நிமிர்த்தினாள். நடுச்சுவரில், கைக்கெட்டாத உயரத்தில், வயர் கிளை பிரிகிற இடத்தில் வின்சன்ட் பொருத்திய சின்ன வெள்ளைப் பெட்டி இருந்தது. வெள்ளைப் பெட்டி என்பது பழைய கதை. இப்போது அதன் ஒரு மூலை தேநீர்க் கறை பிடித்த மாதிரிப் பழுத்திருந்தது.

கதிரையை இழுத்துப் போட்டு ஏறினாள். பெட்டிக்குக் கீழே சுவரில் உள்ளங்கையை வைத்தாள். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி போலச் சுவர் சுட்டது.

*

கதிரையை விட்டு இறங்கி விறாந்தைப் பெட்டிக்கு ஓடினாள். மூடியைத் திறந்து, குசினிப் பிரேக்கரைப் பார்த்தாள். பார்த்தவள் இன்னொரு தரம் குனிந்து பார்த்தாள்.

தினமும் விரலால் தூக்கித் தூக்கி அந்தப் பிரேக்கரின் முகம் அவளுக்கு நன்றாகத் தெரியும். பக்கத்தில் இருப்பவற்றைப் போலவே மஞ்சள் பூத்த பழைய சாமான். அதன் நெற்றியில் இருபது என்று இருக்கும். இப்போது அந்த இடத்தில் ஒன்று புது மணப்பெண் மாதிரிப் பளிச்சென்று உட்கார்ந்திருந்தது. நெற்றியில் நாற்பது.

ஆக, கரண்ட் தானாக நல்ல பிள்ளை ஆகவில்லை. யாரோ கை வைத்திருக்கிறார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவள் வீட்டு விறாந்தையில்.

யாரோ என்ன யாரோ! ஸபீனாவின் மனது நேராகப் பின்பக்கம்தான் போனது. சிபானாவின் கணவன் மர்ஸூக் தோணி என்ஜின் பழுது பார்க்கிறவன். திருகாணிச் சாவி அவன் சேட்டுப் பையிலேயே இருக்கும். அவனைப் பற்றி அவளுக்கு முன்பே ஒரு கணக்கு உண்டு. அவனுடைய வாப்பா தொண்ணூறில், வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது, மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர். மர்ஸூக் பிறந்து வளர்ந்ததெல்லாம் புத்தளத்தில்தான். ஆனாலும் சில வீடுகளின் கதையில் அவன் இன்னும் 'மன்னார் ஆள்'தான். அந்தச் சில வீடுகளில் ஸபீனாவின் வீடும் ஒன்று என்பதை இந்தத் தொடரை வாசிப்பவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கு மேல், கொல்லையில் இருந்த கடைசி அறைக்கு அவன் ஒரு பெரிய பூட்டுப் போட்டிருந்தான். கேட்டால் "என்ஜின் சாமான்" என்பான். என்ஜின் சாமானைக் களவெடுக்க யார் வரப்போகிறார்கள்?

அவன் அப்போதுதான் பள்ளியிலிருந்து வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தான்.

"மர்ஸூக், கொஞ்சம் நில்லுங்க. கரண்ட் பெட்டியில கை வெச்ச ஆரு?"

அவன் தொப்பியைக் கழற்றி மடித்தான். "எந்தப் பெட்டி, மதினி? சுவத்துல இரிக்கிற பெட்டியா? அதத் தொறந்து பாத்தீங்களா?"

"நான் விறாந்தைப் பெட்டியக் கேக்குறன். பிரேக்கர மாத்தின நீங்களா?"

"பிரேக்கரா?" அவன் முகம் சட்டென்று இளகியது. "அல்லாவறிய இல்ல மதினி. நான் அதத் தொட்டதே இல்ல."

சொன்ன விதம் பொய் மாதிரி இல்லை. அதுவே அவளை இன்னும் குழப்பியது. அவள் கேட்டது விறாந்தைப் பெட்டியை. இவன் எதற்குச் சுவர்ப் பெட்டிக்குப் பயந்தான்? கேட்க வாயெடுப்பதற்குள், "கொல்லைப் பக்கம் ஒரு வேல இரிக்கி" என்று நழுவிவிட்டான்.

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம். ஆனால் மடியில் இருப்பது என்ன?

ஸபீனா தொலைபேசியை எடுத்து வின்சன்ட் பாஸை அழைத்தாள். பக்கத்துத் தலவிலையில் இருப்பவர். பிறப்பால் சிலாபத்துக்காரர். வயர் இழுத்தவர் அவர்தானே, அவருக்குத் தெரியும்.

"பாஸ், சுவத்துப் பெட்டி சுடுது. பொலித்தீன் எரியிற மணம். விறாந்தையில ஆரோ நாப்பது போட்டிரிக்கி."

அந்தப் பக்கம் பதறிய குரல். "ஓவன் ஓடுதா தங்கச்சி?"

"ஓம். கேக் உள்ள."

"அமத்துங்க. இப்பவே."

ஸபீனா குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக்குள் மூன்று கேக்கும் தங்க நிறத்தில் எழும்பி நின்றன. இன்னும் கொஞ்ச நேரம். இத்தனை நாள் ஏங்கிய அழகு.

"கொஞ்ச நேரம் பொறுக்க ஏலாதா பாஸ்? மேல் சிவந்துட்டுது…"

"அந்தப் பெட்டிக்கு அங்கால, சுவருக்கு மத்தப் பக்கம் ஆரு படுக்கிற?"

அந்தப் பக்கம் குசினி முடிகிற மூலையில், சுவரோடு தலைமாடு வைத்து, ஏழு மாத வயிற்றோடு மாலையில் சற்று நேரம் சாய்கிறவள் அவளுடைய தங்கை.

ஓடிப்போய் விறாந்தைப் பெட்டியைத் திறந்தாள். இத்தனை நாள் தூக்கிவிடவே பழகிய விரலால், அந்த நாற்பதைக் கீழே தட்டினாள். 'டக்'.

ஓவன் லைட் அணைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஊதிய சத்தமும் நின்றது. கேக்குகளைத் திரும்பிப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

*

நடுக்கதவின் கொண்டியை எடுத்துத் தள்ளினாள். திறக்கவில்லை. அந்தப் பக்கத்துக் கொண்டி.

"புள்ள! சிபானா! கதவத் தொற!"

முற்றத்தால் சுற்றி ஓடினாள். பின்வாசலால் நுழைந்தபோது, அடுப்பில் கஞ்சி அடங்கிக்கொண்டிருந்தது. சிபானா சுவரோரக் கட்டிலில் சாய்ந்தபடி, திடுக்கிட்டு எழும்பிக்கொண்டிருந்தாள். ராத்தாவின் முகத்தைப் பார்த்ததும் அவள் கையை வயிற்றில் வைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். அந்தச் சுட்ட சுவரோடு போய் ஒட்டிக்கொண்டாள்.

"நான் இல்ல ராத்தா" என்றாள் அவசரமாக. "இண்டைக்கிக் கரண்ட் போனது என்னால இல்ல. நான் படுத்துதான் இருந்தன். அல்லாவறிய நான் தொடல்ல."

இந்தப் பிள்ளையை இடுப்பில் வைத்துக் களப்பங்கரையெல்லாம் சுற்றியவள் அவள்தான். இன்று அவளைக் கண்டு இது சுவரோடு ஒண்டுகிறது. வெட்கமாக இருந்தது. மெய்யாகவே வெட்கமாக இருந்தது.

"எனக்குத் தெரியும். அமத்தின நான்தான். இஞ்சால வா. அந்தச் சுவத்த உட்டுட்டு இஞ்சால வா."

தங்கையின் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, கட்டிலின் காலைப் பிடித்து இழுத்தாள். கட்டில் கிறீச்சென்று நடு அறைக்கு வந்தது. தலைமாட்டுப் பக்கச் சுவரில் கை வைத்துப் பார்த்துவிட்டுச் சிபானா கேட்டாள்: "இது ஏன் இப்பிடிச் சுடுது?"

"அதத்தான் நானும் கேக்கப்போறன்" என்றாள் ஸபீனா.

*

வின்சன்ட் வந்ததும் முதல் வேலையாக மெயின் சுவிட்சையே கீழே போட்டார். பிறகு விறாந்தையில் நின்றபடி தலையைச் சொறிந்தார். அவர் தலையைச் சொறிகிற விதத்திலேயே ஸபீனாவுக்குப் பாதி விளங்கிவிட்டது.

"பாஸ், இந்த நாப்பதப் போட்ட ஆரு?"

"நான்தான்."

"நீங்களா! ஆரு போடச் சொன்ன?"

"நீங்கதானே."

"நானா?"

"பெரிய தங்கச்சி சொன்னா எண்டு சின்ன தங்கச்சி சொன்னா. நீங்க ஹாஜியார் வீட்டுக்குப் போயிருந்த நேரம்."

எல்லோரும் சிபானாவைப் பார்த்தார்கள். அவள் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அழுகை இன்னும் வரவில்லை, ஆனால் வரும் வழியில் இருந்தது.

"கரண்ட் உழாட்டி நீங்க என்ன ஏச மாட்டீங்கதானே ராத்தா" என்றாள். "ஒங்கட கேக் நல்லா வந்தா, நான் எரிச்சல்காரி இல்ல எண்டு ஒங்களுக்கு விளங்கும் எண்டு நெனச்சன். அதுதான் பெரிசா ஒண்டு போடச் சொன்னன். அவருக்கும் சொல்லல்ல."

ஸபீனா வீசிய சொல் சுற்றி வந்து, தங்கையின் தலைமாட்டில் நெருப்பாக உட்கார்ந்திருந்தது. தன் மேலேயே வந்த கோபத்தை யார் மேலாவது இறக்கி வைக்க வேண்டும். கிடைத்தவர் வின்சன்ட்.

"அவ சின்னப் புள்ள, அழுதா. நீங்க தொழில் தெரிஞ்ச மனுஷன். ஆரும் அழுதா வீட்டுக்கு நெருப்பு வெப்பீங்களா?"

"பிழதான் தங்கச்சி. வார கிழம புது வயர் இழுப்பம், அதுவரைக்கும் சமாளிக்கும் எண்டு நெனச்சன்."

"பெரிய பிரேக்கர் போட்டா நல்லம்தானே பாஸ்?" என்று சிபானா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "கூட இழுக்கும்தானே?"

"இழுக்கும். வயர்தான் தாங்காது. பிரேக்கர் ஓவனக் காக்கிற சாமான் இல்ல தங்கச்சி, சுவத்துக்குள்ள போற வயரக் காக்கிற சாமான். இந்த வயர் தாங்கிறது இருபது. அதுக்கு மேல போனா, வயர் சுடுறதுக்கு முந்தி அது உழுந்துரணும். அது உழுறது கோளாறு இல்ல, அதுட வேல அது. நான் நாப்பது போட்டன். வயர் வெந்தாலும் அது சும்மா பாத்துக்கொண்டுதான் இரிக்கும்."

ஸபீனாவுக்கு இன்னும் ஒரு முள் உறுத்தியது. "அப்ப முந்தி ஓவனப் போட்ட ஒடனே ஏன் உழல்ல? நேரம் பாத்து, கேக் பொங்கிற நேரம்தானே உழுந்திச்சி. அதாலதான் ஆரோட கையோ எண்டு நெனச்சன்."

"ஷோர்ட் ஆனா ஒடனே உழும். கொஞ்சம் கூடினா உழாது. ஒரு கொஞ்ச நேரம் பொறுத்துப் பாக்கும், சூடேறினாப் பொறகுதான் உழும். ஒங்கட ஓவன் பதின்மூணு ஆம்ப்ஸ். சின்ன தங்கச்சிட அடுப்பு ஒம்பது. மத்த ஊதுற சாமான் ஏழு. இருவத்தொம்பது. ஒங்கட கேக் பொங்கிற நேரமும் பிரேக்கர் பொறுமை இழக்கிற நேரமும் ஒண்டாப் போச்சு."

"அப்ப கலியாணத்துக்கு வயர் இழுக்கக்குள்ள இத ஏன் கணக்குப் பாக்கல்ல?"

வின்சன்ட் மறுபடியும் தலையைச் சொறிந்தார். "பாத்தன். எங்கட வீட்டுலயும் ரெண்டு அடுப்பு. அம்மா விடியச் சமைப்பா, மகள் மத்தியானம் சமைப்பா. எல்லாம் ஒரே நேரத்துல ஓடாது எண்டுதான் கணக்குப் போட்ட. ஊர் முழுக்க ஒரே நேரத்துல அடுப்பு மூட்டுற மாசம் ஒண்டு இரிக்கே, அதக் கணக்குல எடுக்கல்ல. எங்களுக்கும் தவக்காலம்தான். ஆனா நாங்க எல்லாரும் ஒரே நிமிஷத்துல சாப்பிடுறதில்லயே."

அந்தக் கவலையிலும் சிபானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸபீனாவுக்கும் வந்தது. பல நாளைக்குப் பிறகு இருவரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தார்கள்.

"ஓவனுக்குத் தனி வயர், தடிப்பா ஒண்டு. அதுக்குத் தனிப் பிரேக்கர். சின்ன தங்கச்சிட குசினிக்கு வேற லைன். அப்ப ஆரும் ஆரோடயும் சண்ட பிடிக்கத் தேவல்ல" என்றார் வின்சன்ட். "அதுவரைக்கும் குசினிக் கரண்டத் தொட வேணாம்."

*

அப்போதுதான் ஹாஜியார் வீட்டு மானம் நினைவுக்கு வந்தது. ஓவனைத் திறந்தார்கள். மூன்று கேக்கும் மூன்று கிணறாகக் கிடந்தன.

ஸபீனா நெற்றியில் கை வைத்தாள். சிபானா வைக்கவில்லை. "முட்ட இரிக்கா? கித்துள் கருப்பட்டி?" என்று கேட்டாள். "வட்டிலப்பம் அவிப்பம் ராத்தா. அதுக்குக் கரண்ட் என்னத்துக்கு?"

முற்றத்தில் மூன்று கல் வைத்து, தேங்காய்ப் பொச்சு மட்டையும் தென்னோலையும் போட்டு நெருப்பு மூட்டினார்கள். இளையவள் கதிரையில் உட்கார்ந்து முட்டை அடிக்க, மூத்தவள் தேங்காய்ப்பால் பிழிந்தாள். கொழும்புச் சம்பந்திகள் கேக்கைக் கண்டிருப்பார்கள். கல்லடுப்பில் அவித்த வட்டிலப்பத்தை எங்கே காணப்போகிறார்கள் என்று ஸபீனா தொலைபேசியில் சொல்ல, ஹாஜியாரின் மனைவி அரை மனதோடு சரி என்றாள். மர்ஸூக் வட்டிலப்பத் தட்டுகளைச் சுடச்சுடப் பெட்டியில் கட்டி, மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனான். போகும்போது வின்சன்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

ஸபீனா அதைப் பார்த்தாள். இன்றைக்கு ஒரு சந்தேகத்தின் விலை போதும் என்று தன்னைத்தானே அடக்கிக்கொண்டாள். அவளுக்கு அது பல்லைக் கடித்துச் செய்கிற காரியம்.

மஃரிப் நெருங்கியது. சகோதரிகள் நடுக்கதவைத் திறந்து வைத்து, கஞ்சிக் கோப்பைகளையும் பேரீத்தம்பழத்தையும் ஒரே மேசையில் அடுக்கினார்கள். வின்சன்ட் கதிரையில் ஏறி நின்று, சுவர்ப் பெட்டியின் கருகிய மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இருவத்தொம்பதுக்கு இந்தக் கருகல் அதிகமா இரிக்கே" என்று தனக்குள் முணுமுணுத்தார்.

பிறகு டோர்ச்சை உள்ளே பிடித்து, நெடுநேரம் பார்த்தார்.

"பெரிய தங்கச்சி, நான் இதுல கட்டினது ஒரு கிளை. சின்ன தங்கச்சிட குசினிக்கு. வேற ஒண்டும் இல்ல."

"ஓம்?"

"இதுல ரெண்டு கிளை இரிக்கி. மத்தது என்ட வேல இல்ல. புது வயர்."

ஸபீனா நிமிர்ந்தாள். வின்சன்டின் டோர்ச் வெளிச்சம் சுவரில் ஊர்ந்தது. கூரை மரத்தின் ஓரமாக, பார்வைக்குப் படாமல் ஒரு கறுப்பு வயர் பின்பக்கம் போனது. சிபானாவின் அறைக்கு மேலாகப் போய், கொல்லைச் சுவரில் ஒரு துளையில் நுழைந்தது. அந்தச் சுவருக்கு அப்பால் இருப்பது ஒரே ஒரு அறை, பெரிய பூட்டுப் போட்ட அறை.

"இஞ்சால ஏதோ பெரிய சாமான் ஓடியிரிக்கி" என்றார் வின்சன்ட் மெல்ல. "ஓவன் அளவுக்கு இழுக்கிற ஒண்டு."

வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. மர்ஸூக் உள்ளே வந்தான். "ஹாஜியார் வீட்டுல நல்ல சந்தோஷம் மதினி" என்று தொடங்கியவன், கதிரையில் நிற்கிற வின்சன்டையும் திறந்து கிடக்கிற பெட்டியையும் கண்டு வாயை மூடிக்கொண்டான்.

கேள்வி ஸபீனாவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கேட்டால் இப்போது கேட்கலாம். இந்த முறை கையில் வயரே இருக்கிறது. ஆனால் தங்கை சற்று முன்பு சுவரோடு ஒண்டிய அந்த முகம் கண்ணுக்குள் நின்றது. பற்களைக் கடித்துக்கொண்டு, பேரீத்தம்பழத் தட்டை எடுத்து மர்ஸூக்கின் பக்கம் நீட்டினாள்.

"இரிங்க. பாங்கு சொல்லப்போறாங்க."

அவன் ஒரு பழத்தை எடுத்தான். பள்ளியில் பாங்கு தொடங்கியது. ஸபீனா துஆவை ஓதி, பழத்தை வாயில் வைத்தாள். வின்சன்ட் மரியாதையாக டோர்ச்சை அணைத்தார்.

சிபானா மட்டும் நோன்பு திறக்கவில்லை. கையில் பழத்தை வைத்தபடி, கூரையோரம் போகும் அந்தக் கறுப்பு வயரை, தன் கட்டில் இருந்த இடம் வரை கண்ணால் அளந்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

தினமும் அவள் அந்தச் சுவரோடு தலை வைத்துப் படுப்பது அவனுக்குத் தெரியும்.

"அந்த அறைச் சாவியத் தாங்க" என்றாள்.